மூன்று போத்தல், ஒரு தாங்கி

கண்ணாடித் தொட்டியில் மீன்குஞ்சுகள் வயிறு மேலே தெரிய மிதந்தன. தம்பலகாமத்து வயல்களிலிருந்து கடலோரக் களப்புக்கு வடியும் வாய்க்கால் தண்ணீர் அது. எங்கள் திருகோணமலை ஆய்வுகூடத்தில் அதில் மூன்று பூச்சி மருந்துகளைக் கண்டிருந்தோம். மூன்றுமே அனுமதித்த அளவுக்குக் கீழே. தண்ணீரில் குறையில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. அந்த அளவுகள் மீன்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பொறுப்பதிகாரியை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிடுமூஞ்சி, ஆனால் அரைகுறை வேலை பிடிக்காது. ஒவ்வொரு மருந்தும் கொல்லும் அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்து, பங்குகளைக் கூட்டினார். கூட்டியும் மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்றது கணக்கு. அப்படியானால் ஒரு மருந்து, மற்றதை உடம்பு வெளியேற்ற விடாமல் தடுக்கிறது என்றார். அந்த வாய்க்கால் கரையில் அவருடைய அண்ணரின் வயல் இருந்தது.

அன்று பின்னேரமே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணர் வரம்பில் நின்று மூன்று போத்தல் மருந்தையும், முதுகில் மாட்டித் தெளிக்கும் ஒரே தாங்கியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான். தனித்தனியாக அடித்தால் மூன்று தரம் வயல் சுற்ற வேண்டும். மிஸ் சொன்னதை அண்ணர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் கடையில விக்கிற மருந்துதானே தங்கச்சி. அளந்துதான் ஊத்துறன்."

உண்மைதான், மூடியால் சரியாக அளந்தார்.

மிஸ் கெஞ்சினார், சண்டை பிடித்தார், ஒருமுறை போத்தல்களைத் தூக்கிவந்து அலுமாரியில் பூட்டினார். அண்ணர் வேறு வாங்கினார். அடுத்த போகத்தில், தாங்கி முதுகில் இருக்க, வயலிலேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எந்த மருந்து என்று கேட்டார். மிஸ் மூன்று பெயரையும் சொன்னார். அதில் எது என்று டொக்டர் மறுபடி கேட்டார்.

"தனிய ஒண்டும் இல்ல, டொக்டர். எல்லாம் சேர்ந்துதான்."

விடிவதற்குள் அண்ணர் போய்விட்டார்.

செத்தவீட்டில் அயல் வயற்காரர்கள் மிஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே பயம். எந்த மருந்தென்று சொன்னால் அதை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். எதையும் கலக்க வேண்டாம் என்றார் மிஸ். அதற்குப் பிறகும் அவர்கள் நகரவில்லை. ஒரு பெயருக்காகக் காத்து நின்றார்கள்.

மிஸ் ஓய்வுபெற்று லிங்கநகரில் இருக்கிறார். அவருடைய வேலையை இப்போது நான் பார்க்கிறேன். தம்பலகாமத்துக் கூட்டங்களில், கலக்க வேண்டாம் என்று நானும் சொல்கிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வெளியே வரும்போது யாராவது ஒருவர் பின்னால் வந்து, அதில் எது கூடாதது என்று மெல்லக் கேட்பார். போன மாதம் அப்படிக் கேட்டவர் மிஸ்ஸின் அண்ணர் மகன்.