மூன்று கிலோ விரிப்பு

எங்கள் அண்ணி தெருவில் வருகிறார் என்றால் தின்பண்டங்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பேக்கரி வாசலில் பன் தின்றுகொண்டிருப்பவர் சட்டென்று கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிப்பார். இத்தனைக்கும் அண்ணி யாரையும் ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. நகராட்சி சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாகக் களப்பணியாளர். முதலில் கொசு மருந்து, அப்புறம் தடுப்பூசி. உடல் பருமன் தடுப்பு என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், ஒரு எடை இயந்திரமும் அளவு நாடாவும் அவர் தலையில் வந்து விழுந்தன. அன்றிலிருந்து வார்டு முழுக்க அவருக்குப் பெயர் 'கிலோ அக்கா'.

நான் அவருக்கு நாத்தனார். அதே நிலையத்தில் எழுத்தர். வீட்டிலும் அவர் முகம், ஆபீஸிலும் அவர் முகம். ஆனாலும் இதுவரை எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை என்றால் அதற்கு அவர் பொறுமைதான் காரணம், என்னுடையது இல்லை.

வேறு யாராவதாக இருந்தால் சுவரில் நாலு போஸ்டர் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்றிருப்பார்கள். அண்ணி வீடு வீடாகப் போய், ஏன் நடக்கப் போவதில்லை என்று கேட்டார். லாரி இடிக்க வருகிறது என்றார்கள், நாய் துரத்துகிறது என்றார்கள். பலர் கூச்சமாக இருக்கிறது என்றார்கள். வார்டின் நடுவில் ஒரு பள்ளிக்கூடம், அதற்குப் பெரிய மைதானம், காலை எட்டு மணி வரை பூட்டு. தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்து, ஐந்தரையிலிருந்து ஏழு வரை கேட்டைத் திறந்துவைக்க அனுமதி வாங்கினார். ஆறு மாதம் சோதனை. முடிவில் மருத்துவ அதிகாரி வந்து, பயன் இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட் மறுபடி பூட்டப்படும்.

முதல் நாள் நாற்பத்திரண்டு பேரை நிலையத்தின் பழைய அறையின் சிமெண்டுத் தரையில் நிறுத்தி எடை பார்த்தோம். அடுத்த மாதம் முன்னறைக்கு மாறினோம். டைல்ஸ் தரை, வெறுங்கால் வைத்தால் ஜில்லென்று ஏறும். பாவம் என்று அண்ணி வீட்டிலிருந்து ஒரு கனத்த ஸ்பாஞ்சு விரிப்பைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் இயந்திரத்தை வைத்தார்.

அந்த மாதம் எல்லோருக்கும் இரண்டு, மூன்று கிலோ குறைந்திருந்தது. சலவைக்கடை அம்மாவுக்கு நாலு. அந்த அம்மா மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், குழுவிலேயே கனமானவர். அன்றைக்கே தன் தொளதொள உடுப்புகளை எல்லாம் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காத எனக்கும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். நல்ல சேதி வரும்போது யார் சந்தேகப்படுகிறார்கள்?

ஆறு மாதம் முடிந்து, அதிகாரி வர இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டார். சும்மா வெறுந்தரையில் இயந்திரத்தை வைத்து ஏறி நின்றார். மூன்று கிலோ கூட. ஈர விரிப்பைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு நின்றார். மூன்று கிலோ குறைவு. நாலு தடவை ஏறி இறங்கினார். இயந்திரத்தின் கால்கள் ஸ்பாஞ்சில் புதைந்து, அதன் வயிறு விரிப்பில் உட்கார்ந்துவிட்டது. ஆளின் பாரத்தில் கொஞ்சத்தை விரிப்பே வாங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, விரிப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கேட் திறந்திருந்தால் போதாதா, யார் குடி முழுகப்போகிறது என்றேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று அது சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

"நாளைக்கு அவங்களுக்கு சர்க்கரை, மூட்டுவலின்னு வந்து, 'கிலோ அக்கா குறைஞ்சிடுச்சுன்னு சொன்னாளே'ன்னு கேட்டா, அப்ப நான் எந்த விரிப்புக்கு அடியில போய் ஒளியறது?" என்றார் அண்ணி.

மறுநாள் காலை மைதானத்தில் எல்லோரையும் நிறுத்தி, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டார். தினமும் நடக்க வரும் தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அதைப் பார்த்து இன்னும் சிலர் சிரித்தார்கள். சலவைக்கடை அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. கேட் போவது ஒரு பக்கம், இனி தன்னை நம்பி யார் வருவார்கள் என்பதுதான் அவரை அரித்தது.

அதிகாரி வந்தார். அண்ணி முதல் வேலையாக விரிப்புக் கதையை அவரிடமும் சொன்னார். வெறுந்தரையில் ஒவ்வொருவராக நிறுத்தி, முதல் நாள் எடையோடு ஒப்பிட்டோம். சராசரியாக அரை கிலோ குறைந்திருந்தது. ஒன்பது பேருக்கு ஏறியிருந்தது. அரை கிலோவுக்கா ஆறு மாதம் என்று அதிகாரி பேனாவை மூடினார். நடக்க இடமில்லாத பக்கத்து வார்டில் இதே ஆறு மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது, தடுப்பு என்றால் ஏறாமல் பார்த்துக்கொள்வதும்தானே என்று அண்ணி பதிவேட்டைக் காட்டினார். அதிகாரி தலையை ஆட்டினார். பேனா திறக்கவில்லை.

அப்போதுதான் சலவைக்கடை அம்மா மூச்சு வாங்காமல் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் இயந்திரத்தில் ஏறினார். ஒரு கிலோதான் குறைந்திருந்தது. நாலு கிலோ என்று சொல்லி ஏமாற்றியும் ஏன் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"கோவம்தான் சார். இருந்த துணியெல்லாம் தூக்கிக் குடுத்துட்டேன்ல," என்றார் அந்த அம்மா. "ஆனா மிஷினுதான் பொய் சொல்லுச்சு, மாடிப்படி சொல்லலையே. முன்னெல்லாம் ரெண்டு எடத்துல உக்காந்துதான் வீடு போய்ச் சேருவேன். நேத்து கோவத்துல விடுவிடுன்னு ஏறிட்டேன். கதவைத் தெறக்கும்போதுதான் தெரிஞ்சுது, நடுவுல எங்கயும் நிக்கலைன்னு."

அதிகாரி பேனாவைத் திறந்து, ஒரு வருட நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். 'கிடைத்த பயன்' என்ற கட்டத்தில் அரை கிலோவை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் 'மூன்று மாடி, நிற்காமல்' என்றும் எழுதினார். அண்ணி அதை இரண்டு தடவை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் புதிதாகச் சேர வந்து வெளியே நின்றிருந்த ஆளைக் கூப்பிட்டார்.