பேய்களின் சமையல்காரி

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் ஏதாவதொரு புத்தகப் பாத்திரமாக வேடமிட்டு வரலாம், எளிய வேடமே போதும், கடையில் எதுவும் வாங்க வேண்டாம். கைபேசியில் தேடிப் பார்த்தால் வெள்ளைத் துணி, அட்டைத் தொப்பி, பழைய மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் முடியும் வேலையாகத்தான் காட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அது எளிய வேலையாகப் படவில்லை. வேடம் என்றாலே, தன் சட்டையின் கையைக் கத்தரிக்கோலுக்குள் வைத்துக்கொண்டு நின்ற அப்பாதான் கண்முன் வருகிறார்.

அப்பா தொலைவில், எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். பனிக்காலமும் கோடையும் அங்கே, இடையில் ஹோட்டல் பூட்டியிருக்கும் வாரங்களில் வின்டர்தூரில் எங்களோடு. அடுத்த பருவத்துக்கு வரச்சொல்லிப் புரட்டாசி முடிவதற்குள் தொலைபேசி வந்துவிடும். எனக்கு எட்டு வயதான அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் வரவில்லை. வேலை இல்லையென்றால் விசா நீட்டுவது சிக்கல் என்பது எனக்கே தெரிந்திருந்தது. இரண்டு அறை வீட்டில் எதைத்தான் மறைக்க முடியும்? அப்பா கடைக்குக்கூடப் போகமாட்டார். குளிக்கும்போதும் மணிச்சத்தம் கேட்கவேண்டுமென்று கதவைச் சற்றே திறந்து வைப்பார். அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தார். தொலைபேசி இருந்த மேசையைக் கடக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

இந்த நேரத்தில்தான் எனக்கு வேடம் தேவைப்பட்டது. வகுப்பில் வாசித்த கதைகளிலிருந்து ஆளுக்கொரு வேடமிட்டு, ஹாலோவீன் மாலையில் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகப் போவதென்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் நூலகத்தில் எடுத்த ஒரு படக்கதை இருந்தது. பழைய கோட்டையொன்றில் பேய்களுக்குச் சமைத்துப் போடும் சமையல்காரியின் கதை. அதில் வரும் சூனியக்காரியாகப் போகத்தான் எனக்கு ஆசை. விரத நாளில் கறுப்பு உடுப்பும் விளக்குமாறுமாகவா வீட்டுக்குள் நிற்கப் போகிறாய் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்படியென்றால் சமையல்காரி என்றார் அப்பா. செலவே இல்லை. அவருடைய வேலைச் சட்டை, காகிதத்தில் ஒரு தொப்பி, கையில் அகப்பை. சட்டை என் கணுக்கால்வரை வந்தது, கைகள் அதற்கும் கீழே தொங்கின. அப்பா கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் ஒரு கையை அதற்குள் வைத்தார்.

"வெட்டாதேங்கோ," என்றார் அம்மா. "மடிச்சுத் தையுங்கோ. மார்கழியில உங்களுக்கு வேணும்."

அப்பா கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். அவர் உண்மையாகவே வெட்டத்தான் போனார் என்பது எனக்கு விளங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அப்பாவுக்கு வேடம் என்றால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வினோத உடைப் போட்டிதான். அங்கே வேடமிட்டவர் சும்மா நிற்க முடியாது. மேடையேறித் தான் யாரென்று உரத்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பரிசில்லை. இங்கே மணியடித்து இனிப்புக் கேட்பார்கள், அவ்வளவுதான் என்றேன். அவருடைய முகம் சுருங்கியது.

"சும்மா போய்க் கை நீட்டக்கூடாது பிள்ளை. ஆரெண்டு சொல்லிப்போட்டுக் கேள்."

சொல்லவேண்டியதை ஜெர்மன் மொழியில் அவரே பழக்கினார். அந்த மொழியில் அவருக்குத் தடங்கலில்லாமல் வந்தவை சில வாக்கியங்கள்தான். நான் சமையலறை வேலை செய்வேன். காய்கறி வெட்டுவேன், பெரிய பாத்திரங்கள் கழுவுவேன். சனி ஞாயிறும் வருவேன். உடனே தொடங்கலாம். நான் பாடமாக்கினேன். அவற்றை அவர் எந்தெந்த வாசலில் நின்று சொல்லிப் பழகினார் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை.

அந்த ஹோட்டல் பிறகு அழைக்கவேயில்லை. தை மாதம் வின்டர்தூரிலேயே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் அப்பாவுக்கு வேலை கிடைத்து, விசாவும் தப்பியது. இன்று அவர் ஓய்வுபெற்று, பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். எல்லாம் தெரிந்த பின்னும் அந்த ஹாலோவீன் மாலை எனக்கு இன்னும் முடியாததுபோலவே இருக்கிறது.

தொலைபேசிக்கு அம்மாவைக் காவல் வைத்துவிட்டு அப்பா என்னோடு கீழே வந்தார். முதல் மணி, கீழ்வீட்டு அம்மையாரின் மணி. எல்லாருக்கும் பொதுவான சலவை அறையைப் பூட்டும் திறப்பு அவரிடம்தான் இருந்தது. யாராவது முறை தவறி உடுப்புத் துவைத்தால் ஏசிவிடுவார். அப்பா அவருக்குப் பயந்து, கட்டட வாசலுக்கு வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மற்றப் பிள்ளைகள் இனிப்பா குறும்பா என்று கத்திவிட்டுப் பைகளை நீட்டினார்கள். நான் அகப்பையை நிமிர்த்திப் பிடித்து, பழகிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. மடித்துத் தைத்திருந்த சட்டைக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பைக்குள் சொக்லேட்டைப் போட்டு, நல்லது, நாளைக்கே வேலைக்கு வா என்றார்.

நான் வெளியே ஓடினேன்.

"அப்பா, வேலை கிடைச்சிட்டுது. நாளைக்கே வரட்டாம்."

அப்பா நிமிர்ந்தார். திறந்திருந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.