நாமினி பெயரை மாற்றிய நாள்

வேன் ஓட்டும் என் கணவர் நெஞ்சுவலியால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்யாணத்துக்கு முன்பு அவர் எடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினி அவருடைய அண்ணன். என் கணவருக்கு ஏதாவது ஆனால் நானும் மகளும் அந்த ஆளிடம்தான் கையேந்த வேண்டும். மாற்றச் சொன்னால், "அண்ணாத்த மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்பார்.

அன்று கட்டிலருகே நாமினி மாற்றும் படிவத்தை நீட்டினேன். தினமும் பழத்தோடு வரும் அண்ணன் பாய்ந்தார். "நான் ஒத்துக்காம எப்டி மாத்துவ? தம்பி சாவணும்னு பாத்துகினு கீறியா?"

"பாலிசி அவருது மாமா. அவர் கையெழுத்து போதும், உங்க சம்மதம் தேவையில்ல."

என் கணவர் தலைகுனிந்தபடி கையெழுத்துப் போட்டார். அன்றே கிளை அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு செய்தேன்.

மறுநாளிலிருந்து அண்ணன் வரவேயில்லை. வீடு திரும்பும்வரை என் கணவர் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வராமல் போனவனைவிட, இவர் காத்திருந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வெறுப்பு வருகிறது.