காவல் மாற்ற ஆள் வராத பூதங்கள்

ஹமீதா அக்கா பூதத்தை நம்பினாரா? சென்ற வாரம் அவருடைய மகள் என்னிடம் இதைக் கேட்டாள். கல்லூரியில் ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர்கள் நானும் அக்காவும். ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

செய்தி வந்தபோது குரோம்பேட்டை நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். அவருடைய மகன் பேசினான். "ஆண்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலைல தொழுதுட்டுப் படுத்தாங்க. அப்புறம் எழுந்திருக்கல." வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டிலிருந்து ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிச் சென்ற பிறகு பெண்கள் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் எங்கள் தமிழ்த்துறையில் அவரிடம் படித்தவர்கள், அல்லது அவரோடு வேலை பார்த்தவர்கள். புதையல் காக்கும் பூதங்களின் கதைகளை அவர் ஊர் ஊராகச் சேகரித்தது உங்களுக்குத் தெரியும். ஏரிக்கு அடியில் சங்கிலி இழுபடும் கொப்பரை, குடத்தைச் சுற்றிப் படுத்த நாகம், பாறை இடுக்கில் பல்லைக் காட்டி நிற்கும் உருவம். கேட்பவர்கள் எல்லாரும் பொன்னைப் பற்றி யோசித்தார்கள். அக்கா காவல்காரனைப் பற்றி யோசித்தார். புதைக்கிற செல்வந்தன் குழி வெட்டியவனையே பலி கொடுத்து, 'என் வம்சம் வரும்வரை காத்திரு' என்று சொல்லிவிட்டுப் போகிறான். செத்தவன் பூதமாகிறான். வம்சம் வருவதே இல்லை. "நமக்கு அது புதையல், சுமதி. அதுக்கு டூட்டி" என்பார்.

கதை கேட்கப் போகும்போது, பேய் உண்டா, பார்த்தீர்களா என்று அவர் ஒருபோதும் தொடங்கியதில்லை. "அது என்ன கேக்கும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நம்பாதவர்களிடமும் அதற்கு ஒரு பதில் இருந்தது. கறுப்புச் சேவல், சாராயம், சுருட்டு, தலைச்சன் பிள்ளையின் ரத்தம். ஒரு வீடு எதை இழக்க அஞ்சுகிறதோ அதைத்தான் அந்த வீட்டின் பூதம் கேட்கும் என்று அவர் வகுப்பில் சொல்வதுண்டு.

சிறுசேரியில் ஒரு டீக்கடை. எதிரே கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே ஒரு காவலாளி, தான் நிற்கும் மதில் சுவருக்கு அடியில் புதையலும் பூதமும் இருப்பதாகச் சொன்னார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இன்னா கேக்கும் மேடம்? ஒரு ரிலீவர் கேக்கும். அதுவும் நம்மள மாதிரிதான். ஆள் வராம எடத்த வுட்டு எப்டிப் போவும்?" அக்கா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பிறகு, "உங்களுக்கு எப்ப ஆள் வரணும்?" என்று கேட்டார். "விடிகாலைலயே வந்திருக்கணும். வந்துகினு கீறேன்னு சொல்றான், வரல." மாற்று ஆள் வரும்வரை அக்கா அந்த பெஞ்சைவிட்டு எழவில்லை. வெயில் ஏறியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. "நாம போயிட்டா அவர் தனியா நிக்கணும்ல" என்றார்.

நான் சொல்ல நினைத்தது தேவியைப் பற்றி. எங்களிடம் படித்த பெண். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு மனைப்பிரிவில் மருமகளாக இருந்தாள். ஒருநாள் காலை அக்காவுக்குப் போன் செய்து அழுதாள். கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது மூடிய பெரிய பானை ஒன்று தெரிந்திருக்கிறது. மாமனார் ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார். பூதம் காவல் இருக்கிறது, தலைச்சன் இல்லாமல் திறக்காது என்று அவன் சொல்லிவிட்டான். தேவி பிறந்த வீட்டில் மூத்தவள், வயிற்றில் ஏழு மாதத்தில் முதல் குழந்தை. மறுநாள் அவள் குழிக்குள் இறங்கிப் பானை மூடியைத் தொட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. "எறங்குறதுகூடப் பரவால்ல மேடம். பொறந்தப்புறம் இன்னா கேப்பாங்களோன்னு பயமா கீது" என்றாள். கணவன் வாயைத் திறக்கவில்லையாம்.

அன்றே நாங்கள் அங்கே போகும் வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் அக்கா கண்ணாடி வளையல் வாங்கினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. என்ன பேசுவது என்பதை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அது முதுமக்கள் தாழி. குழியை எட்டிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் பானையில் வைத்துப் புதைப்பார்கள், இந்தப் பக்கத்தில் நிறையக் கிடைக்கும், உள்ளே பொன் இருக்காது, தாசில்தாருக்குச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். "இதெல்லாம் காலேஜ்ல சொல்லுங்கோ மேடம்" என்றார் மாமனார். "மண்ணு என்னுது, பானை என்னுது. உங்களுக்கு இன்னா பேஜார்?" குழியின் ஓரம் மழையில் இளகிச் சரிந்துகொண்டிருந்தது.

அக்கா அவரோடு வாதாடவில்லை. மாமியாரைப் பார்த்து, "ஏழாம் மாசமாமே, பொண்ணுக்கு வளையல் போட்டாச்சா?" என்றார்.

"இல்ல மேடம். ஒம்போதுல போடலாம்னு..."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் வாங்கிட்டு வந்திருக்கேன். நாலு பேரைக் கூப்பிடுங்க."

மாமியார் கணவரைப் பார்த்தார். பிறகு தேவியின் முகத்தைப் பார்த்தார். சட்டென்று உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். "இன்னாடி திடீர்னு வளைகாப்பு, ஒரு வாய்ச் சோறுகூட இல்லாம?" என்று ஒருத்தி கேலி செய்தாள். ஐந்து வகைச் சாதத்துக்குப் பதில் அவசரமாக ஒரு குக்கர் எலுமிச்சைச் சாதம் கிளறினார்கள். தேவியின் இரண்டு கைகளும் பச்சையும் சிவப்புமாக நிறைந்தன. குழந்தை பெறாத நான் ஒதுங்கி நின்றேன். "நீங்களும் போடுங்க மேடம்" என்று தேவி கையை நீட்டினாள். போட்டேன்.

கடைசி வளையல் ஏறியதும் மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வளையல் போட்டாச்சு. இனிமே புள்ள இங்க தங்கக் கூடாது. அம்மா வூட்டுக்குப் போணும். அதான் மொறை."

"நாளைக்குப் போவட்டுமே" என்றார் மாமனார்.

"வளைகாப்பு போட்ட பொண்ண எந்த வூட்லயா குழில எறக்குவாங்க?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். என் விளக்கத்தை மாமனாரால் தள்ள முடிந்தது, முறையைத் தள்ள முடியவில்லை. தேவியின் கணவன், அன்று முதல்முறையாக வாயைத் திறந்து, ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றான்.

புறப்படும்போது அக்கா மட்டும் குழி ஓரம் போய் நின்றார். உள்ளே பார்த்து, "நாங்க வர்றோம்" என்றார். ஒரு வீட்டிலிருந்து விடைபெறும் குரல். அதனால்தான் அவருடைய மகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தேவியை அஸ்தினாபுரத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் சண்டை போட்டேன். "பூதம் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஆள் இன்னும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கார்."

"ஆமா."

"நாம படிச்சது எதுக்கு அப்போ?"

கண்ணை மூடியபடியே சொன்னார்: "பூதம் இல்லைன்னு நிரூபிக்க இன்னும் நூறு வருஷம் ஆகட்டும் சுமதி. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு வரைக்கும்தான் டைம் இருந்துது." பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருக்கு இதயக் கோளாறு இருந்தது அப்போதே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

நான் இன்றும் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அக்காவின் வழி எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பொய்யை நிற்கவிட்டுவிட்டு வந்தோம் என்ற உறுத்தல் போகவில்லை. ஆனால் யாராவது அஞ்சிக்கொண்டு வந்து நின்றால், அந்த அச்சம் உண்மையா என்று இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. அது என்ன கேட்கிறது, யாரிடம் கேட்கிறது என்று கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான்.

தேவியை அழைத்து வந்த மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மாமனார் தானே குழியில் இறங்கித் தாழியை உடைத்தார். உள்ளே மண்ணும், எலும்புத் துண்டுகளும், கறுப்பாக ஒரு சிறிய கிண்ணமும் இருந்தன. மந்திரவாதி போனை எடுக்கவில்லை. உச்சிப்பொழுதில் மாமியார் அக்காவை அழைத்து, எலும்பை என்ன செய்வது என்று கேட்டார். அக்கா போனை என்னிடம் கொடுத்தார், நான் தாசில்தாருக்குச் சொன்னேன். பிறகு இருவரும் அஸ்தினாபுரத்துக்குப் போனோம். தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். பல நாளாகத் தூங்கவில்லையாம், எழுப்ப வேண்டாம் என்று அவள் அம்மா சொன்னார். வாசலிலேயே நின்று மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.