‘வந்துடுச்சு’ என்று யார் சொல்வது

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் மென்பொருள் கம்பெனி. நான் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிற நேரம். வேலை நிரந்தரமாவது மேனேஜரின் கையெழுத்தில் இருந்தது.

மயிலாப்பூர் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து அடையாறு, கிண்டி கிளைகளுக்கு ரிசல்ட்டுகள் டெலிபோன் லைனில் போக வேண்டும். அந்தச் செய்திகளை வாங்கி அனுப்பும் பகுதியை நான்தான் வடிவமைத்தேன். அதற்கு இரண்டு பதில்கள் வைத்தேன். ‘வாங்கிக்கொண்டேன், அனுப்புகிறேன்’ என்பது முதல் பதில். கிளையில் இருக்கும் கம்ப்யூட்டரே ‘கிடைத்தது’ என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது வரும்.

“இன்னாத்துக்கும்மா ரெண்டு? அனுப்பினா சேர்ந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?” என்றார் மேனேஜர். இரண்டாவதை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரே எடுத்துவிட்டு, முதல் பதிலுக்கே ‘சேர்ந்தது’ என்று பெயர் வைத்தார்.

அவர் நம்பியதற்குக் காரணம் எங்கள் அறைதான். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒன்று. இங்கிருந்து அனுப்பினால் அங்கே உட்கார்ந்திருப்பவர் “வந்துடுச்சு” என்று குரல் கொடுப்பார். மாதக்கணக்கில் அப்படியே சோதித்து, அதைச் சொல்வது மென்பொருள் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். கிண்டியிலிருந்து யார் கத்தி மயிலாப்பூரில் கேட்கப்போகிறது என்று கேட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மென்பொருளை இயக்கிக் காட்டும் நாளன்று பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மாவே வந்தார். மேனேஜர் பட்டனைத் தட்டுவதற்கு முன், நான் குனிந்து கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த இணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன். அவர் தட்டினார். திரையில் ‘சேர்ந்தது’ என்று வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிடுங்கிய கம்பியை டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

அவர் திரையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். “சர்க்கரை ஐந்நூறுன்னு ஒருத்தருக்கு ரிசல்ட் போகணும். இது போகாமலே சேர்ந்துடுச்சுன்னு சொல்லுமா?” என்று கேட்டார்.

மதியம் மேனேஜர் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். உடனே எழுதினேன்: ‘கம்பியைப் பிடுங்கியது தப்பு. போகாததைப் போனதாகச் சொன்னதற்கு யார் எழுதித் தரப்போகிறார்கள்?’ படித்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மறுநாள் போகவில்லை. என்னை அனுப்ப முடிந்தது அவரால். அந்த இரண்டாவது பதிலை முடியவில்லை. அது இல்லாமல் மென்பொருளை வாங்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். நான் எழுதியிருந்த அந்தப் பகுதியை மேனேஜரே உட்கார்ந்து வரிக்கு வரி திரும்பச் சேர்த்தாராம்.