பிக்கர்ஸ்கில்லின் தலைமாட்டில் ஒரு குறி

கிளிஃப் மெட்காஃப் முப்பது வருடத்துக்கும் மேலாக கெல்டன் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டினார். மேலிருந்து கீழ்வரை அத்தனை ஊரும் அவருக்கு அத்துப்படி. ஆனால் யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் தெரியாது. யார் வீட்டு மூலைக்கல்லில் பாசி பிடித்திருக்கிறது என்று கேட்டால் சொல்வார். மனிதர்களின் முகத்தைப் பார்த்ததைவிடச் சுவர்களின் கணுக்காலைப் பார்த்ததே அதிகம்.

காரணம் ஒரு குறி. அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்தவர்கள், அவ்வளவு சீக்கிரம் யாரும் இடிக்க மாட்டார்கள் என்று தோன்றிய கட்டடங்களாகப் பார்த்து, தேவாலயம், பாலம், பள்ளிக்கூடம், மதுக்கடை என்று ஒவ்வொன்றின் அடிச்சுவரிலும் உளியால் அதை வெட்டிவிட்டுப் போனார்கள். கிடையாக ஒரு கோடு. கோட்டின் நடுவைத் தொட்டுக்கொண்டு, கீழே மூன்று வெட்டில் ஓர் அம்பு. அந்தக் கோடு கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது என்று வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். இப்போது அந்தக் கணக்கை செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறது. சுவரில் இருக்கும் குறியால் யாருக்கும் கால்காசுப் பிரயோசனம் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தேடித் திரிகிறவர்கள் இங்கிலாந்து முழுவதும் இருக்கிறார்கள். கண்டதைக் கணினியில் ஒரு பொதுத் தளத்தில் ஏற்றுவார்கள். அவர்களுக்கென்று சட்டதிட்டம் உண்டு. கையால் தடவிப் பார்த்தால் போதாது, படம் வேண்டும். யார் கையிலிருந்த கேமராவில் படம் எடுக்கப்பட்டதோ அவர் பெயரில்தான் குறி ஏறும். விரலால் துடைக்கலாம், சுரண்டக் கூடாது.

இந்தக் குறியால்தான் கிளிஃப்புக்கும் நார்மன் பிக்கர்ஸ்கில்லுக்கும் பகை மூண்டது. பிக்கர்ஸ்கில் பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். ஒருநாள் மத்தியானம், பயணிகள் நிறைந்த பஸ்ஸைப் பாலத்து நடுவில் நிறுத்திவிட்டு, கிளிஃப் இறங்கிப்போய்க் கைப்பிடிச் சுவரடியில் மண்டியிட்டார். முந்தின நாள் மழையில் பாசி கழன்று அங்கே ஓர் அம்பின் நுனி தெரிந்திருந்தது. அவர் திரும்பி ஏறியபோது கடைசி இருக்கையிலிருந்து பிக்கர்ஸ்கில் எழுந்து வந்தார். கிளிஃப்பை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிப்பிள்ளைகள் ஏறும் வண்டிதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கறிக்கடை வரிசையில் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி சாசேஜைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஓய்வு பெற்றபின் கிளிஃப் முழுமூச்சாக இறங்கினார். பள்ளத்தாக்கிலிருந்த குறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். காளைமாடு கட்டிய கொட்டகைக்குள் ஒன்று, பாதிரியாரின் உரக்குழிக்குப் பின்னால் ஒன்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது கிடைத்துவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பெயரில் இருக்கும். அந்தப் பெருமை நாட்டில் மொத்தம் நாலைந்து பேருக்குத்தான் உண்டு.

அந்த ஒன்று இருந்த இடம், சவ அடக்கம் செய்து தரும் ஃபாசெட்டின் கட்டடம். ஒருகாலத்தில் அது ஞாயிறு பள்ளி. அதன் வெளிச்சுவரில் வெட்டிய குறி. ஃபாசெட்டின் அப்பா பக்கத்து முற்றத்துக்குக் கூரை போட்டு, இறந்தவர்களை உறவினர்கள் வந்து பார்ப்பதற்கென்று ஓர் அறை கட்டினார். வெளிச்சுவர் உள்சுவர் ஆனது. குறி இருக்கும் இடத்துக்கு நேர் முன்னால் சவப்பெட்டி வைக்கும் மேடை வந்தது. பெட்டியின் தலைமாடு சுவரை ஒட்டி, மேடையைச் சுற்றித் தரைவரை கறுப்பு வெல்வெட்.

ஃபாசெட் கிளிஃப்புடன் பள்ளியில் படித்தவர்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. ஒருமுறை லீட்ஸிலிருந்து வந்த ஒரு குறிவேட்டைக்காரர் டார்ச் விளக்குடன் மேடைக்கு அடியில் புகுந்திருந்தபோது, இறந்தவரைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் பெட்டிக்குக் கீழேயிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அலறியிருக்கிறது. அவர் படம் எடுக்குமுன்பே வெளியே இழுத்துவிட்டு, ஃபாசெட் மேடையின் அடியைப் பலகை அடித்து மூடிவிட்டார்.

“செத்தவங்களப் பாக்கணும்னா எப்ப வேணா வா கிளிஃப். சுவரப் பாக்கணும்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே” என்று ஃபாசெட் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த வசந்தத்தில் ஃபாசெட் அறையைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார். ஓக் பலகை அடித்து நாலு சுவரையும் மூடப்போவதாக ஊரில் பேச்சு. வெள்ளிக்கிழமை ஓர் அடக்கம் இருக்கிறது, பெட்டி வெளியே போனதும் மேடையை எடுத்துவிட்டுத் தச்சர் வேலையை ஆரம்பிப்பார் என்றார்கள். பலகை ஏறிவிட்டால் கிளிஃப் உயிரோடிருக்கும்வரை அந்தக் குறியைப் பார்க்க முடியாது. அதற்குள் உள்ளே போக ஒரே வழி, பெட்டியிலிருப்பவருக்காகத் துக்கம் விசாரிப்பது.

பெட்டியிலிருந்தவர் நார்மன் பிக்கர்ஸ்கில்.

கிளிஃப் ஒருநாள் முழுக்கச் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மனைவி மேவிஸ் கடைசியில் பொறுமை இழந்தாள். “அந்த மனுசன் உயிரோட இருக்கறப்பதான் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னே. இப்ப அவரு கண்ணத் தொறக்கப் போறதில்ல. போய்ட்டு வா” என்றாள்.

கறுப்பு டை கட்டிக்கொண்டு போனார். அறையில் யாரும் இல்லை. பிக்கர்ஸ்கில் பழைய சீருடைக் கோட்டில் படுத்திருந்தார். முகத்தில் அதே இன்ஸ்பெக்டர் களை. கிளிஃப் மரியாதைக்குத் தலைகுனிந்தார். பிறகு தலைமாட்டுப் பக்கம் போய் மண்டியிட்டு, வெல்வெட் துணிக்குள் கையை விட்டார். மேடைக்கும் சுவருக்கும் நடுவே கை மட்டும் நுழையும் இடைவெளி. தோள்வரை உள்ளே தள்ளித் தடவினார். சொரசொரப்பான கல். பிறகு ஒரு பள்ளம். நேராக, கிடையாக. விரல் அதன் நடுவுக்குப் போய்க் கீழே இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று வெட்டு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து டோரீன் பிக்கர்ஸ்கில் உள்ளே வந்தார்.

புருஷனின் தலைமாட்டில் ஓர் ஆள் மண்டியிட்டு, பெட்டியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஈரக் கண்ணோடு இருப்பதை அந்த அம்மாள் பார்த்தார். கிளிஃப்பால் சட்டென்று எழ முடியவில்லை. கை சிக்கிக்கொண்டிருந்தது.

“நீங்க பஸ் ஓட்டின மெட்காஃப்தானே?”

கிளிஃப் ஆமாம் என்றார்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாளாகக் காலையும் மாலையும் வந்து உட்கார்ந்திருப்பதாகவும், ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். நார்மன் கறாரான மனுஷன், அதுதான் காரணம் என்று அவருக்கே தெரியும். ஆனால் பெட்டியைத் தூக்கக்கூட ஆள் சேரவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. ஃபாசெட்டின் ஆட்கள் இருவர், நார்மனின் தம்பி, தம்பி மகன், தபால்காரர். மொத்தம் ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லாவிட்டால் சக்கரம் வைத்த வண்டியில் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஃபாசெட் சொல்லியிருக்கிறார்.

“தள்ளிட்டுப் போக அவரு என்ன சூட்கேஸா?” என்றார் டோரீன்.

கிளிஃப்பின் மூளை வேகமாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை, பெட்டி எழும்பும் அந்தக் கணத்தில்தான் மேடை நகரும், சுவர் தெரியும். அந்தக் கணத்தில் அறைக்குள் இருக்க அனுமதி உள்ளவர்கள் பெட்டி தூக்குகிறவர்கள் மட்டும்.

“நான் தூக்கறேங்க” என்றார்.

மறுநாள் ஃபாசெட் ஆறு பேரையும் சுவரோரம் நிறுத்தித் தோளுயரம் பார்த்தார். உயரம் ஒத்த இரண்டு பேரை ஒரு ஜோடியாகப் போடுவது அந்தத் தொழிலின் பழக்கம். இல்லாவிட்டால் பெட்டி சாயும். பிறகு அதைப் பற்றித்தான் ஊர் பேசும். உயரமானவர்கள் தலைமாட்டுக்கு என்றார் ஃபாசெட். கிளிஃப்புக்கு உள்ளுக்குள் குதியாட்டம். சுவரை ஒட்டிய இடமே கிடைத்துவிட்டது. கூடவே, தபால்காரரின் தோள் ஒரு விரற்கடை இறக்கமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, கோட்டுக்குள் மடித்த துணி வைக்கும்படி யோசனையும் சொன்னார். உயர விஷயத்தில் அவரால் சும்மா இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை மேவிஸ் அவருக்கு டை கட்டிவிட்டாள். சின்ன கேமராவை அவர் கோட்டுப் பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு கை பக்கத்து ஆள் தோள் மேல, இன்னொரு கை பெட்டி மேல. கேமராவ எதால பிடிப்ப, பல்லாலயா?”

கிளிஃப் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“அதுவும் அவரு காலு முன்னாடி வரமாதிரிதானே தூக்கிட்டு வெளிய போவீங்க. நீ தலைமாட்டுல. அப்ப சுவரு உன் முதுகுக்குப் பின்னால இல்ல?”

ஒரு பள்ளத்தாக்கின் அத்தனை உயரங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் இதை யோசிக்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். வாக்குக் கொடுத்தாயிற்று. போனார்.

ஆறு பேரும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஃபாசெட் மேடையை இழுத்து ஓரம்கட்டினார். வாசலுக்கு வெளியே தச்சர் தொப்பியைக் கழற்றி, முதல் பலகையைக் கையில் பிடித்தபடி பணிவாக நின்றுகொண்டிருந்தார். தனக்குப் பின்னால் சுவர் திறந்து கிடப்பதை கிளிஃப் பிடரியால் உணர்ந்தார். ஃபாசெட் தலையசைத்தார். எல்லோரும் இடது காலை எடுத்து வைத்தார்கள்.

“கொஞ்சம் நில்லுங்க” என்றார் கிளிஃப்.

நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் தபால்காரர் ஏதோ முனகினார். வாசலில் காத்திருந்த டோரீன் உள்ளே வந்து, பெட்டிக்குக் கீழே குனிந்து கிளிஃப்பின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன ஆச்சு? வலிக்குதா?”

“எனக்குப் பின்னால சுவத்துல ஒரு குறி இருக்குங்க. இப்ப பலகை அடிச்சுடுவாங்க.”

ஃபாசெட் கண்ணை மூடிக்கொண்டார். டோரீன் சுவரைப் பார்த்தார், பிறகு கிளிஃப்பைப் பார்த்தார்.

“அன்னிக்கு மண்டி போட்டிருந்ததும் இதுக்குத்தானா?”

“ஆமாங்க.”

“அவருக்காக வரல.”

“அன்னிக்கு வரல.”

“இன்னிக்கு?”

கிளிஃப் யோசித்தார். “இன்னிக்கு என் தோள் மேலதாங்க இருக்காரு” என்றார்.

“தோள் போயிடும் போலிருக்கு” என்றார் தபால்காரர். டோரீன் கைப்பையை ஃபாசெட்டிடம் கொடுத்தார். கிளிஃப்பின் கோட்டுப் பையில் கைவிட்டு கேமராவை எடுத்தார். கறுப்புத் தொப்பியோடு சுவரோரம் குனிந்தார்.

“இதுல எந்தப் பொத்தான்?”

“வலது பக்கம், மேல. லேசா அமுக்கி, பச்சை வெளிச்சம் வந்தப்புறம் முழுசா அமுக்குங்க.” கழுத்தைத் திருப்ப முடியாமல் எதிரேயிருந்த பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எப்படிங்க இருக்கு?”

“ஒரு கோடு. கீழ கோழிக்கால் மாதிரி.”

“கோடு உடையாம இருக்கா?”

“நேத்து வெட்டின மாதிரி இருக்கு.”

மேலே சுண்ணாம்பு அப்பியிருப்பதாக டோரீன் சொன்னார். துடைக்கலாம், சுரண்டக் கூடாது என்றார் கிளிஃப். அந்த அம்மாள் கையுறை விரலால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார். “போதும்மா, போதும்” என்று தம்பி கெஞ்சியபிறகுதான் எழுந்தார்.

பிறகு பிக்கர்ஸ்கில்லைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி ஒரு நூல்கூடச் சாயவில்லை என்று பின்னால் நடந்து வந்த ஃபாசெட்டே ஒப்புக்கொண்டார். அடக்கம் முடிந்து, ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும் முடிந்து, ஊர்வலம் போன வழியே கிளிஃப் திரும்பி வந்தபோது தச்சர் அந்தச் சுவரை முடித்துவிட்டு அடுத்த சுவரில் இருந்தார்.

அன்று சாயங்காலம் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார். கோடு, அம்பு எல்லாம் தெளிவாக இருந்தன. ஓரத்தில் டோரீனின் கறுப்புக் கையுறை விரல். கண்டவர் பெயர் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. மேவிஸ் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

“உன் பேரப் போடு. உன் கேமராதானே. யாருக்குத் தெரியப்போகுது?”

“கேமரா என்னுது. கை அவங்களோடது.”

“தூக்கினது நீ.”

“தூக்கினது குறிய இல்லியே.”

மேவிஸ் தேநீர் போடப் போய்விட்டாள். அவர் டோரீன் பிக்கர்ஸ்கில் என்று தட்டினார். பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தனை குறிகளிலும் ஒன்றே ஒன்று வேறு பெயரில், அதுவும் பிக்கர்ஸ்கில் பெயரில் ஏறியது. பிறகு மரியாதைக்கு டோரீனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

அடுத்த வாரம் டோரீன் போன் செய்தார். குரலில் சூடு. தங்கை மகளின் கணினியில் போய்ப் பார்த்திருக்கிறார். ஸ்டாஃபோர்டிலிருந்து எவனோ படத்துக்குக் கீழே குறை எழுதியிருக்கிறான், படம் சாய்ந்திருக்கிறது என்று.

“சாய்ஞ்சா இருக்கு?”

கிளிஃப்புக்குப் பொய் வராது. “ரொம்ப லேசாங்க. இடது பக்கம்.”

டோரீன் அதோடு விடவில்லை.

“அந்தத் தச்சர் பலகைய ஆணி அடிச்சாரா, ஸ்குரூ போட்டாரா?”

“ஸ்குரூ. பித்தளை. ஏங்க?”

“ஃபாசெட் நம்மள உள்ள விடுவாரா?”

“துக்கம் விசாரிக்க வந்தா விடுவாரு.”

“அப்ப பேப்பரப் பாருங்க” என்று சொல்லி டோரீன் போனை வைத்துவிட்டார்.

கிளிஃப் கூடத்துக்கு வந்தார். மேவிஸ் படித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து இறப்புச் செய்திப் பக்கத்தை மட்டும் மெல்ல உருவினார்.