கறுப்பு வண்டியில் வெள்ளிப் பொடி

நானும் என் அத்தானும் ஒரே மாதத்தில் ஒரே கம்பெனியின் கறுப்பு வண்டியை ஆளுக்கொன்று வாங்கினோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். அவருக்கு எட்டயபுரம் தாண்டி நாகலாபுரம் போகிற வழியில் பட்டாசு ஆலை. மதுரையில் ஷோரூம்காரர்கள் எங்கள் இருவருக்கும் மாலை போட்டு, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் இரண்டு பேரும் புதுமாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு நிற்கிறோம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவார். அக்கா உள்ளே போய்விடுவாள். நாங்கள் இரண்டு வண்டிகளையும் போர்ட்டிகோவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, பம்பரிலிருந்து ஆரம்பிப்போம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் வந்துவிடுவார். அவரிடமும் அதே கம்பெனி வண்டி, வெள்ளை. வாய்க்குள் அடித்துப் பார்க்கிற டார்ச்சைக் கையோடு கொண்டுவருவார்.

"அண்ணாச்சி, இங்கன ஒண்ணு தெறிச்சிருக்கு" என்பார், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்த குரலில்.

பெயிண்ட் போன இடம் கடுகளவுதான் இருக்கும். ஆனாலும் மூன்று தலைகள் முட்டிக்கொள்ளும். நாலுவழிச் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகவே கூடாது என்பது டாக்டர் கட்சி. முன்பக்கம் முழுக்க ஃபிலிம் ஒட்டிவிட்டால் கவலையில்லை என்பது என் கட்சி. அந்த ஃபிலிம் நம்ம ஊர் வெயிலில் மஞ்சளடித்துப் போகும் என்பது அத்தான் கட்சி. கரிசல் தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒற்றுமை. போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் புள்ளி விழும் என்று கேன் தண்ணீர் வாங்கிக் கழுவினோம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஜனங்கள் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில், குடிக்கிற தண்ணீரில் கார் கழுவினோம். எழுதும்போது கூசுகிறது. கழுவும்போது கூசவில்லை.

அத்தானின் வண்டி ஆலையில் பகலெல்லாம் வெயிலில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஷெட்டு போடுங்க அத்தான். வெயில்ல கோட்டிங் பூரா போயிரும்" என்று வாராவாரம் நச்சரித்தேன். கடைசியில் என்னுடைய வெல்டரையே அனுப்பிவைத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆபீஸ் கட்டடத்தை ஒட்டி, இரும்புத் தூண், மேலே தகரம், மூன்று பக்கமும் திறப்பு. பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்று இரண்டு டியூப்லைட்டும் நான் சொல்லித்தான் மாட்டினார்கள். வேலை முடிந்ததும் வெல்டர் அனுப்பிய போட்டோவை எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அது சித்திரையில். ஆடி பிறந்து காற்று கிளம்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர்தான் கேட்டார்.

"உங்க வண்டி சாதாக் கறுப்புதானே? அவங்களது மட்டும் மெட்டாலிக் பெயிண்டா? எப்படி மின்னுது பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். என் வண்டி சட்டிக்கரி மாதிரி நின்றது. அத்தானுடையது கூரையிலும் பானெட்டிலும் பொடிப்பொடியாய் மினுமினுத்தது. அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் நம்ம கோட்டிங்கு டாக்டர்" என்றார். நான் ஒரு விரலால் கூரையைத் தொட்டு இழுத்தேன். விரல் நுனி வெள்ளி நிறமாகிவிட்டது.

அது என்னவென்று எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பூச்சட்டியும் மத்தாப்பும் வெள்ளையாகப் பொரிவதற்காகப் போடுகிற அலுமினியப் பொடி. மாவை விட மெல்லிசு. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்களின் புருவத்திலும் காதுமடலிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போகும். ஆனால் அந்தப் பொடி புழங்குகிற அறைகள் ஆலையின் கடைசியில், ஆபீஸிலிருந்து வெகு தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு அறையும் தனித்தனி, நடுவில் வெட்டவெளி, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது, ஓடுவதற்கு இரண்டு பக்கமும் வாசல் வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம். அங்கேயிருந்து கிளம்பி ஆபீஸ் வாசலில் நிற்கிற வண்டியில் இப்படிப் படிய வழியே இல்லை. படிந்திருக்கிறதென்றால் பொடி ஆபீஸ் பக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"வண்டிய எங்கன நிறுத்துதீங்க அத்தான்?"

"ஷெட்டுக்கு வெளியதான். ஷெட்ட இப்ப வேற சோலிக்கு எடுத்திருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்துச் சொன்னார்.

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், என்ன சோலி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "கவர் போட்டு மூடி வையுங்க" என்றேன். டாக்டர் தலையாட்டினார். உள்ளேயிருந்து அக்கா காப்பி கொண்டுவந்தாள். நான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை அவருடைய தொழிலில் மூக்கை நுழைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் அக்கா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அக்காவுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோனபோது கதவு திறந்த வேலைக்காரம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வண்டிகள் வந்தபிறகுதான் பழைய சிரிப்பு திரும்பியது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் எதுவும் அதற்கு வைக்க வேண்டாம்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு சாக்கு கிடைத்தது. தெறித்த இடத்தில் தொட்டுவைக்கிற டச்-அப் பெயிண்ட் எனக்கு வந்திருந்தது. இரண்டு வண்டிக்கும் ஒரே நிறம்தானே, பாட்டிலை அத்தானிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

எட்டயபுரம் தாண்டியதும் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்கு வாய் பிளந்து கிடந்தது. ஆட்டுக்கூட்டத்தோடு நின்ற ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் என் செல்போனை வாங்கி வைத்தார். "தீப்பெட்டி ஏதும் வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?" என்றும் கேட்டார். தீப்பெட்டிக்காரனிடமே கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. வண்டியை உள்ளே நிறுத்தி இறங்கி நாலு எட்டு வைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அத்தானின் வண்டி வெயிலில் நின்றது. நான் போட்டுக் கொடுத்த ஷெட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் இல்லை, பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்து பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் எல்லோருக்கும் வெள்ளிக் கை. தாம்பாளங்களில் மருந்து குவித்திருந்தது. காற்று வரும்போதெல்லாம் அதன் மேல் மெல்லிய புகை மாதிரி ஒன்று எழுந்து, வண்டிப் பக்கம் நகர்ந்தது. தலைக்கு மேலே என்னுடைய தகரம் வெயிலில் படபடவென்று வெடித்து விரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே என்னுடைய டியூப்லைட்டுகள், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஒயர் ஒன்று காற்றில் ஆடி இரும்புத் தூணில் உரசியது.

தீப்பெட்டித் தொழிலில் தீப்பிடித்தால் ஓடுவதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பட்டாசுத் தொழிலில் கிடைக்காது.

"மொதலாளி, என்ன இந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். வெள்ளி முகத்துக்குள் யார் என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. பதினாலு வருஷம் என் ஆபீஸில் குச்சி அடுக்கியவள். மிஷின் இறக்கி ஆட்களைக் குறைத்தபோது நான் எவர்சில்வர் குடம் கொடுத்து அனுப்பிவைத்த பெண்களில் ஒருத்தி.

"இங்கனயா இருக்க?"

"ஆமா மொதலாளி. தீபாவளி ஆர்டரு முடியுத மட்டும் ஆபீஸு பக்கம் உக்காரச் சொல்லிட்டாவ. இந்த ஷெட்டு நீங்க அனுப்புனதாமே? அந்த ரூமுக்குள்ள வெந்து சாவணும். இங்கன காத்து என்னமா வருது! புண்ணியமாப் போவும் உங்களுக்கு."

மற்ற பெண்களும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. எழுந்து ஓடுங்கள் என்று கத்தவில்லை, அது நிச்சயம்.

அத்தான் வெளியே வந்தார். பாட்டிலைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதே போட்டுவிடலாம் என்று பானெட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். பல்குச்சியின் நுனியில் பெயிண்டைத் தொட்டு, தெறித்த இடத்தில் புள்ளி வைத்துக் காட்டினேன். எங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

"என்ன மாப்ள, அங்கனயே பாக்குத?"

சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். பழகிப்போன பேச்சுதான் வந்தது.

"அத்தான், இந்தப் பொடி பறக்குத இடத்துல வைக்காதீங்க. இங்கன நல்லதுக்கில்ல. ஒரு நாள் இல்லாட்டா ஒரு நாள் மொத்தமாப் போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஷெட்டைப் பார்த்தார். "சரி மாப்ள, மாத்திருதேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டேன், அவருக்கும் புரிந்துவிட்டது, யாருக்கும் மனக்கசப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். வந்ததும் என் வண்டியை நானே கழுவினேன். அரைமணி நேரம்தான் அங்கே நின்றிருக்கும். வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தான் போனில் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு உற்சாகம்.

"மாப்ள, நீ சொன்னபடியே செஞ்சாச்சி."

"மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சி. கேட்டுக்கு வெளிய, வேப்பமரத்துப் பக்கம் கொண்டு நிறுத்திட்டேன். காலையிலருந்து பாக்குதேன், வண்டியில ஒரு துளி பொடி இல்ல."

"நல்லது அத்தான்" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஆபீஸில் உட்கார முடியவில்லை. மிஷின் ஓடுகிற சத்தம் தலைக்குள் கேட்டது. ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டால் போதும், பேர்கூடப் போட வேண்டாம், அதிகாரிகள் வந்து அந்த ஷெட்டைக் காலி செய்துவிடுவார்கள். ஆலைக்கும் பூட்டு விழும். அக்காவின் முகம் முன்னால் வந்து நின்றது. காற்று நன்றாக வருகிறது என்று சொன்னவளின் முகமும் வந்தது. இதை எழுதுகிறபோதும் இரண்டு முகங்களும் அப்படியே நிற்கின்றன. தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. தூரத்தில் டயர் வெடித்தால்கூட நாகலாபுரம் திசையைத்தான் பார்க்கிறேன்.

அந்தப் போன் வந்த அன்று மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு அவரை மறுபடியும் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒத்திகை பார்க்கவில்லை.

"அத்தான், நான் வண்டியச் சொல்லல."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. வேப்பமரத்தடியில் நிற்கிறார் போலிருந்தது.

"தெரியும் மாப்ள" என்றார், மெதுவாக. "தீபாவளி போவட்டும். அதுவரைக்கும் நாம வண்டியப் பத்தியே பேசுவோம்."

அவரே தொடர்ந்தார். ஏற்கெனவே படிந்த பொடியை எடுப்பதற்குக் களிமண் கட்டி மாதிரி ஒன்று வருகிறதாமே, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

மதுரையில் கிடைக்கும் என்றேன். கடைக்கு வழியும் சொன்னேன்.